பாராபுல்லா நாலா: பஸ் டெப்போவுக்கு ஆறு மாதம், மதராசி கேம்ப்புக்கு 23 நாள்

டில்லி ஜங்புராவை ஒட்டி, நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்த இடம் அது. டில்லி ஹைகோர்ட் மே 9ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி இது நடந்தது. உத்தரவுக்கும் புல்டோசருக்கும் இடையே 23 நாட்கள்.

நாலாவைத் தூர்வார இயந்திரம் இறங்க வழியில்லை, கரையை நெருக்கிக் குடிசைகள் நிற்கின்றன, அதனால் மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் சுற்றியுள்ள பகுதிகளில் தேங்குகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை 1936க்குப் பிறகு பெய்ததில்லை. தெற்கு டில்லி முழுவதும் தண்ணீரில் நின்றது. வடிகால் வடிகாலாக இருக்க வேண்டும் என்று கோர்ட்டு நினைத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கார் நிலத்தில் இருப்பவர்கள் மறுவாழ்வு கேட்கலாம், அதற்கு மேல் அந்த நிலத்தில் உரிமை கொண்டாட முடியாது என்றும் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த நாலாவைக் குறுக்கியது மதராசி கேம்ப் மட்டும்தானா? இந்தக் கணக்கை எந்த இலாகாவும் முழுமையாகப் போட்டு ஜனங்கள் முன் வைக்கவில்லை.

மேலே சாலை, கீழே சாக்கடை

ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய பழைய கல் பாலத்தின் பெயர்தான் பாராபுல்லா. பன்னிரண்டு தூண் கொண்ட பாலம் என்று பொருள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கீழே ஓடியது நல்ல ஓடை. தெற்கு டில்லியின் மழைத் தண்ணீரைக் குஷக் நாலா, சுனேரி நாலா முதலியவற்றோடு சேர்த்து வாங்கி யமுனையில் விடுவது அதன் வேலை. பிறகு நகரம் அதைச் சாக்கடையாக்கியது.

2010 அக்டோபரில் டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. விளையாட்டு வீரர்கள் யமுனைக்கு அப்பால் உள்ள போட்டிக் கிராமத்திலிருந்து ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குச் சிக்னலில் நிற்காமல் போக வேண்டும் என்று சராய் காலே கானிலிருந்து ஸ்டேடியம் வரை ஒரு மேம்பாலச் சாலை போட்டார்கள். நகரத்துக்குள் நிலம் எடுப்பது கஷ்டம். நாலாவுக்கு நஷ்டஈடு தரவேண்டியதில்லை. ஆகவே நாலாவின் வழியே தூண்களை இறக்கி அதன் மேல் சாலையைக் கொண்டுபோனார்கள். இன்றும் காரில் போகிறவர்கள் பாராபுல்லா என்றால் அந்தச் சாலையைத்தான் நினைக்கிறார்கள். கீழே ஒரு நாலா இருப்பது கண்ணாடி இறக்கினால்தான் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. சுனேரி நாலாவின் ஒரு பகுதியைக் கான்கிரீட் போட்டு மூடி, போட்டிக்கு வந்த பஸ்களை அதன் மேல் நிறுத்தினார்கள். பின்னால் அதுவே பஸ் டெப்போ ஆயிற்று. மூடிய நாலாவில் தூர்வாருவது எவ்வளவு சிரமம் என்பது அந்த வேலைக்கு இறங்குகிற தொழிலாளிக்குத் தெரியும். மதராசி கேம்ப்பில் இயந்திரம் இறங்க இடமில்லை என்று சொன்ன அதே சர்க்கார், இன்னொரு நாலாவில் இயந்திரம் இறங்கவே முடியாதபடி கூரை போட்டிருக்கிறது.

மூன்றாவதாக மில்லேனியம் டெப்போ. சராய் காலே கான் பக்கம், பாராபுல்லா நாலா யமுனையில் கலக்கும் இடத்துக்கு அதிக தூரமில்லாமல், ஆற்றின் வெள்ளப் பரப்பிலேயே சுமார் 60 ஏக்கரில் ஆயிரம் பஸ்கள் நிற்கும் அளவுக்கு அதைக் கட்டினார்கள். போட்டிக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் முதலில் பேச்சு. போட்டி முடிந்தது, டெப்போ நின்றது. யமுனையைக் காக்க வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2012 செப்டம்பரில் டில்லி ஹைகோர்ட் ஆறு மாத அவகாசம் தந்தது. அதற்குள் மாஸ்டர் பிளானை முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இடத்தைக் காலி செய்யுங்கள் என்பது உத்தரவு. கெடு முடிந்தபோது மேலும் அவகாசம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். மந்திரிசபைகள் மாறின. ஆறு மாதம் என்பது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

பஸ் டெப்போ பொதுஜன உபயோகத்துக்கானது, குடிசை அப்படியல்ல என்று வாதிக்கலாம். வாதம் சரிதான். பஸ் இல்லாவிட்டால் முதலில் திண்டாடுகிறவர்களும் கேம்ப்வாசிகள்தான். கேள்வி அவகாசத்தைப் பற்றியது. மாற்று இடம் தேட சர்க்கார் கார்ப்பரேஷனுக்கு ஆறு மாதம் போதவில்லை என்றால், பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு மூன்று வாரம் எப்படிப் போதும்?

கண்காணிப்பது யார்?

டில்லியின் வடிகால்களுக்கு வெகுகாலம் ஒரே எஜமான் கிடையாது. பொதுப்பணித்துறை, மாநகராட்சி, பாசன வெள்ளக் கட்டுப்பாட்டு இலாகா, டி.டி.ஏ., ஜல போர்டு என்று ஆளுக்கொரு துண்டு. ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் ரயில்வேயும் உண்டு. யமுனையில் விழும் 22 பெரிய நாலாக்களையும் ஒரே இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2024இல் ஹைகோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. நகரத்துக்கென வடிகால் மாஸ்டர் பிளான் போட்டது 1976இல். 1971 சென்சஸில் டில்லி ஜனத்தொகை சுமார் 40 லட்சம். அந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டுதான் ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஓட்டினார்கள். இதற்கிடையே மேம்பாலங்கள் வந்தன, மெட்ரோ வந்தது, போட்டிகள் வந்து போயின.

கோர்ட்டு தன் முன் கொண்டுவரப்படுவதைத்தான் பார்க்க முடியும். அதன் முன் பைல் கொண்டுபோவது இலாகாக்கள். எந்த இலாகாவாவது தன் தூணைப் பற்றித் தானே பைல் எழுதுமா? கரையில் உள்ள குடிசையைப் பற்றித்தான் எழுதும். மேற்பார்வை என்பது இங்கே இலாகாக்களை அவற்றுக்கு வெளியே இருந்து ஒருவர் பார்ப்பதாக இல்லை. அவை தம்மை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்ப்பதாக இருக்கிறது.

சென்னையிலும் கதை வேறல்ல. பறக்கும் ரயிலுக்காகப் பக்கிங்ஹாம் கால்வாயில் தூண்களை நட்டார்கள். 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும் வண்டி ஓடியது. கால்வாய் அந்த அளவுக்கு ஒடுங்கியது. பின்னாளில் நீர்வழிகளைக் காப்பாற்றுகிறோம் என்று கரையோர ஜனங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. வெள்ளத்துக்குத் தப்ப அனுப்பியவர்களை வெள்ளம் அங்கேயே வந்து பார்த்தது.

ஆனால் தூணும் சர்க்காரின் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு அதே சென்னையில் சாட்சி இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குக் கூவம் வழியே உயர்மட்டச் சாலை போட 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் ஜெயலலிதா சர்க்கார், தூண்கள் கூவத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி வேலையை நிறுத்தியது. அதில் கட்சி அரசியலும் இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். இருக்கட்டும். பல கோடி ரூபாய் திட்டத்தைத் தண்ணீரின் பெயரால் நிறுத்த ஒரு சர்க்காரால் முடிந்தது. தூண்கள் பல வருஷம் மொட்டையாக நின்றன. 2022இல் வேறு உருவத்தில் அந்தத் திட்டத்துக்கு மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது.

நரேலா எவ்வளவு தூரம்?

மதராசி கேம்ப் கணக்கெடுப்பில் 370 குடும்பங்கள். அவற்றில் 189 குடும்பங்களைத்தான் டில்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியம் முதலில் தகுதியுள்ளவையாக ஏற்றது. பிறகு இன்னும் சிலர் சேர்க்கப்பட்டார்கள். தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் அடுக்கு வீடு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். டில்லியின் வடக்கு எல்லை, அதற்கப்பால் ஹரியானா.

டில்லி சர்க்காரின் 2015ஆம் வருஷத்துக் கொள்கை என்ன சொல்கிறது? குடிசைவாசிகளுக்கு அதே இடத்தில் வீடு, இல்லையென்றால் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள். விசேஷ காரணம் இருந்தால் வாரியத்தின் முன் அனுமதியோடு அதற்கு அப்பாலும் தரலாம். விசேஷம் என்று எழுதிவைத்தது இப்போது வழக்கமாகிவிட்டது. 2004இல் யமுனா புஷ்தா கரையிலிருந்து அகற்றியவர்களையும் பவானா போன்ற எல்லைப்புறங்களுக்குத்தான் அனுப்பினார்கள். ஆற்றின் கரை காலியான அதே தசாப்தத்தில்தான் போட்டிக் கிராமம் அந்த ஆற்றின் கிழக்குக் கரையில் எழுந்தது.

கேம்ப் பெண்களில் பெரும்பாலோர் ஜங்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வீடுகளில் வேலை செய்தவர்கள். காலை 6 மணிக்கு ஒரு வீடு, 8 மணிக்கு ஒரு வீடு என்று நடந்தே போய்ச் செய்த வேலை. நரேலாவிலிருந்து அந்த 6 மணி வேலைக்கு வர எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? நரேலா ஸ்டேஷன் அம்பாலா பாதையில் இருக்கிறது. லோக்கல் வண்டியில் டில்லி வந்து, அங்கிருந்து பஸ் மாறினால் ஒரு நாளில் நாலு மணி நேரம் வழியிலேயே கழியும். 1982 ஏஷியாடுக்காகப் பலப்படுத்திய ரிங் ரயில்வே நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வழியாகத்தான் போகிறது. அதைச் சரியாக ஓட்டியிருந்தால் இந்த நகரத்தில் பாதிப் பிரயாணம் சுலபமாகியிருக்கும். அதைக் கவனிப்பார் இல்லை.

மெட்ரோ வருகிறது என்பார்கள். உண்மைதான். ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாக ஹரியானாவின் நாதுபூர் வரை சுமார் 26 கிலோமீட்டர், 21 ஸ்டேஷன்கள், 6,230 கோடி ரூபாய் செலவு. 2024 டிசம்பர் 6ஆம் தேதி மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. நாலு வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். அதாவது திட்டப்படி நடந்தாலும் 2028 கடைசியில்தான் வண்டி. குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கியதோ 2025 ஜூனில். ஜங்புராவில் 2010 முதலே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் உள்ள இடத்தில் இருந்தவர்களை ரயில் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பின்னால் ரயிலை அனுப்புவது என்ன போக்குவரத்துக் கொள்கையோ!

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள். கேம்ப் பிள்ளைகளுக்கு லோதி எஸ்டேட் பள்ளி பக்கம். ஏழில் ஒன்றுகூட நரேலா பக்கம் கிடையாது. அங்கே இந்திப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும், தமிழ் கிடைக்காது.

ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு வேண்டிய உதவி செய்வதாகத் தமிழக முதல்வர் ஸ்டாலினின் சர்க்கார் அறிவித்தது. நல்ல வார்த்தை. ஆனால் கேம்ப்பில் பிறந்து, கேம்ப்பில் கல்யாணம் செய்து, பேரன் எடுத்தவர்களுக்கு ஊர் என்பது ரேஷன் கார்டில்கூட இல்லை.

காகிதம்தான் வீடு

தகுதி இழந்தவர்களில் பலர் நேற்று வந்தவர்கள் அல்ல. 2015 கொள்கைப்படி குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குடும்பம் குடியிருந்த குடிசை 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முந்திய வாக்காளர் பட்டியல் ஒன்றிலும், கணக்கெடுப்பு நடக்கும் வருஷத்துப் பட்டியலிலும் பெயர் வேண்டும். கூடவே 2015க்கு முன் வாங்கிய ரேஷன் கார்டு, மின்சார பில், போட்டோ ஒட்டிய பாங்கு அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், டிரைவிங் லைசென்ஸ், ஜாதிச் சான்றிதழ், சர்க்கார் பள்ளி அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்று. பங்குத் தொகையும் உண்டு: பொதுப் பிரிவினருக்கு 1,12,000 ரூபாய், ஷெட்யூல்டு வகுப்பினருக்கு 1,000 ரூபாய், ஐந்து வருஷப் பராமரிப்புக்கு 30,000 ரூபாய் தனி.

ஊரில் ஓட்டுப் போட வேண்டும் என்று டில்லிப் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விட்டவர்கள் நம்மவர்களில் நிறைய. பட்டியலில் பெயர் இந்தியில் ஒரு விதமாகவும் கார்டில் வேறு விதமாகவும் இருப்பதும் சகஜம். அப்பா பெயரே தலைப்பெழுத்தாக நிற்கும் நமக்கு, 'சர்நேம்' கேட்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வது அவசியம். நாலா ஓரத்திலோ ரயில் பாதை ஓரத்திலோ குடியிருப்பவர்கள் இதை இன்றே சரிபார்க்கலாம். ரயில் பாதை ஓரத்து 48,000 குடிசைகளை மூன்று மாதத்தில் அகற்றும்படி 2020 ஆகஸ்ட் 31இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். அன்று இடிக்காமல் விட்டதால் விஷயம் முடிந்துவிட்டதாக இருந்துவிடக் கூடாது.

கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போனாலும் தகுதியில்லை என்று எழுதினாலும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனுச் செய்ய அந்தக் கொள்கையிலேயே இடமுண்டு. மதராசி கேம்ப்பில் பிற்பாடு சேர்க்கப்பட்டவர்கள் காகிதத்தோடு மறுபடி போய் நின்றவர்கள்தான். மனுவை எழுத்தில் கொடுத்து, பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.