மூளைக்குள் வைக்கும் கருவிக்கு யார் பொறுப்பு?

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் கம்பைநல்லூர் விவசாயி, விலை பேசும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவார். பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? உதிரிபாகம் தருமபுரியில் கிடைக்குமா? மூளைக்குள் சிப் பொருத்தும் தொழில்நுட்பத்திடமும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எலான் மஸ்கின் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் தன் கருவியைப் பொருத்தியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த அந்த இளைஞர், நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையில் சதுரங்கம் ஆடியதை உலகமே பார்த்தது. அதன்பின் மூளைக்குள் செலுத்திய மெல்லிய இழைகள் பல இடம் நழுவின. மே மாதத்தில்தான் நிறுவனம் அதை வெளியில் சொன்னது. மென்பொருளைத் திருத்தி நிலைமையைச் சமாளித்தார்கள். ஆனால் சதுரங்கக் காட்சிக்கு இருந்த அவசரம் இந்தத் தகவலுக்கு இல்லாமல் போனதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் தூர தேசத்துச் செய்தி என்று தமிழ்நாடு ஒதுக்க முடியாது. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் அதிகமுள்ள மாநிலம் இது. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. பல லட்சம் ரூபாய் செலவாகும் இந்தச் சிகிச்சையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஒலியைக் கேட்டிருக்கிறார்கள். கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சியில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அது எட்டுகிறது என்பது இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய சாதனை.

காக்ளியர் கருவி வேலை செய்வது உள்காதில், மூளையில் அல்ல. செவி நரம்பே இல்லாத குழந்தைக்கு அதனால் பயனில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மூளைத் தண்டிலேயே மின்முனைகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சையைச் சென்னையில் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் குழுவினர் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் தரும் கருவியும் நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அதில் ரீசார்ஜ் செய்ய முடியாத பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் தாங்கும். அதன்பின் மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி செலவு.

பெற்றோர் திணறுவதும் அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான். காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியை, அதாவது காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசரையும் அதன் கேபிளையும் காயிலையும், பிள்ளை ஓடியாடி விளையாடும்போது சேதமாகாமல் காப்பது கடினம். சில ஆண்டுகளில் அந்த மாடலையே நிறுவனம் நிறுத்திவிட்டால், பழையதைச் சரிசெய்யவும் வழியில்லை. புதியது வாங்கவும் கையில் பணமில்லை. கேரளத்தில் ‘சுருதி தரங்கம்’ திட்டத்தின் கீழ் கருவி பெற்ற பிள்ளைகள் சிலருக்கு 2023-இல் இதே நிலை வந்தது. பெற்றோர் குரல் எழுப்பி, அது அரசியல் பிரச்சினையான பிறகே அரசு வேகம் காட்டியது. கேட்கத் தொடங்கிய பிள்ளை மீண்டும் மௌனத்துக்குள் தள்ளப்படுவதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும்.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் பார்வையற்றோருக்காக ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவியை விற்றது. பல நாடுகளில் 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-இல் தயாரிப்பை நிறுத்திய நிறுவனம், 2020-இல் திவாலாகும் நிலைக்குப் போய் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பியது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வேதனையானது. வலிப்பு வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் நியூரோவிஸ்டா நிறுவனத்தின் கருவியை 15 பேருக்கு மூளையில் பொருத்திச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கருவி தன் உடம்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. நிறுவனத்திடம் பணம் தீர்ந்தது. சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளக்கூட அவர் முயன்றார், நடக்கவில்லை. அவர் விருப்பத்தை மீறி கருவி அகற்றப்பட்டது.

பராமரிப்போடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: மூளையில் பதிவாகும் தகவல் யாருடையது? இதற்கு இந்தியச் சட்டத்தில் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. 2008-இல் புணே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் மூளை மின்னலைப் பரிசோதனையையும் சான்றாக ஏற்றுத் தண்டனை விதித்தது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் யாருக்கும் அத்தகைய பரிசோதனை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒருவரின் மனம் அவருக்கே உரியது என்ற நிலைப்பாடு அது. ஆனால் அந்தத் தீர்ப்பு காவல் துறையைக் கட்டுப்படுத்துமே தவிர, மூளைத் தரவைச் சேகரிக்கும் தனியார் நிறுவனத்தை அல்ல. 2023-இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ, உடல்நலத் தரவுக்கென்றுகூடத் தனிப் பிரிவு இல்லை. சிலி நாடு 2021-லேயே மூளைத் தரவுக்கு அரசமைப்பில் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்குமாறு எமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

புதிய கருவியை மனிதரிடம் சோதிக்கும்போது ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடு பெற, 2017-இன் மருத்துவக் கருவி விதிகளில் இடமுண்டு. ஆனால் நிறுவனமே மூடப்பட்டால் நோயாளியின் தலைக்குள் இருப்பதை யார் பார்த்துக்கொள்வது? அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். கருவி விற்கும் நிறுவனம் அதன் ஆயுள் முழுவதற்குமான பராமரிப்புத் தொகையை முன்பணமாக அரசிடம் கட்டிவைக்க வேண்டும். காக்ளியர் கருவிக்கான உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே கிடைக்கத் தமிழ்நாடு அரசு இப்போதே வழி செய்யலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படியொரு கருவி பொருத்த ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டால், அதைத் தமிழில் கேளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பழுது பார்ப்பவர் யார், பேட்டரிக்குப் பணம் கட்டுபவர் யார், தரவு எங்கே போகிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.