பெண் பிள்ளை பறவை பார்க்கக் கூடாதா?

முழு ஆண்டு லீவு விட்டதும் தெருவில் தாய்மார்கள் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "எந்த க்ளாஸ்ல சேர்த்திருக்கீங்க?" அபாகஸ், இந்தி, கீபோர்டு, ஓவியம் என்று எல்லாவற்றுக்கும் காசு. நான் சொல்வதற்குக் காசே வேண்டாம். பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கப் பழக்குங்கள். அதிலும் பெண் பிள்ளைகளுக்கு.

பைனாகுலர் எல்லாம் அப்புறம். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடி, போன வருஷத்து நோட்டில் மீதமிருக்கும் பக்கங்கள், ஒரு பென்சில், இவ்வளவு போதும். உடனே பெயர் சொல்லிவிடாதீர்கள். அலகு எப்படி, வால் நீளமா, நடக்கிறதா தத்துகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் பாடம் காக்கா. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம். முழுக்கக் கறுப்பாய், அலகு தடித்து இருந்தால் அண்டங்காக்கை. தினமும் சோறு வைக்கிறோமே, எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்?

அடுத்தது குயில். பெண் குரலைக் குயில் குரல் என்று சினிமாப் பாட்டில் புகழ்கிறார்கள். ஆனால் "கூ... கூ" என்று நீட்டிக் கூவுவது கறுப்பாய், சிவந்த கண்ணோடு இருக்கும் ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். "கிக் கிக்" என்று கத்திக்கொண்டு பறக்கும். இதைக் கேட்டதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தூக்கணாங்குருவி கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆண்தான் கூடு பின்னும். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி. பிடிக்கவில்லை என்றால் கூடு பாதியிலேயே தொங்க வேண்டியதுதான். பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்கிறவர்கள் அந்தப் பனைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். (பெண் சம்மதித்ததும் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஆண் அடுத்த கூடு, அடுத்த துணை என்று போய்விடும். அது வேறு விஷயம்!)

இதில் என்ன வம்பு என்கிறீர்களா? என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் மாடியில் நிற்க ஆரம்பித்த இரண்டாம் வாரமே பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார். "அக்கா, உங்க மக எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கா." அவர்கள் வீட்டு முருங்கையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அதைத்தான் பார்த்தாள். என் மாமியாரோ, "பொட்டப்புள்ள காலங்காத்தால மாடியில நின்னா நாலு பேரு நாலு விதமா பேச மாட்டாவளா?" என்று ஆரம்பித்தார். "பெரிய பிள்ளை ஆகப் போறா, இனி எதுக்கு இதெல்லாம்?" என்றார் என் வீட்டுக்காரரும்.

எனக்கு இதில்தான் கோபம். அதே தெருப் பையன்கள் கவட்டையைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரை முழுக்கச் சுற்றுகிறார்கள். கொக்கை அடிக்கிறார்கள், முட்டையை எடுக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. சும்மா நின்று பார்த்து நோட்டில் எழுதுகிற பெண்ணை ஊரே கேட்கிறது. நான் மகளை இறக்கவில்லை. அடுப்பில் இட்லி வேகிற நேரம் நானும் மேலே போய் நிற்கிறேன். வேடிக்கை என்னவென்றால், மடையான், செம்போத்து, கரிச்சான் என்று எங்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதே இப்போது மாமியார்தான். முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை.

சாலிம் அலி பெயரைப் பலரும் கேட்டிருப்போம். ஜமால் ஆரா என்ற பெண்மணியை எத்தனை பேருக்குத் தெரியும்? பிகாரில் கட்டுப்பெட்டியான குடும்பத்தில் பிறந்தவர். படிப்பும் பத்தாம் வகுப்போடு சரி. காடு காடாய்ச் சுற்றிப் பறவைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய பறவைப் புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-ல் வெளியிட்டது. நானும் பத்தாவதுதான் என்பதாலோ என்னவோ, அவர் பெயரைப் படித்த அன்று ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். 1994-ல் சரணாலயம் ஆனது. உலக அளவிலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் அங்கே பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். செல்போனில் படம் எடுக்கிறேன் என்று கூட்டுக்குக் கிட்டே போக விடாதீர்கள். பயந்து எழும்பிய தாய் திரும்பி வருவதற்குள் முட்டையைக் காக்கா தூக்கிவிடும்.

பிள்ளை ஆசைப்படுகிறதே என்று கூண்டுக்கிளி வாங்கித் தருகிறார்கள் சிலர். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதற்குப் பதில் ஒரு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து, கொசு முட்டையிடாமல் தினமும் மாற்றி ஊற்றுங்கள். கிளி வருகிறதோ இல்லையோ, மைனா கட்டாயம் வரும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி அனுப்பினால் போதும். வீட்டு மாடியிலிருந்தே எண்ணலாம். கோலம் போட்டு முடித்து, பானை வைப்பதற்குள் பதினைந்து நிமிஷம் கிடைக்காதா நமக்கு? வரும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எண்ணுவது நான், எழுதுவது மகள், பெயர் சொல்வது மாமியார். அதுவரை அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்!

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.