ஏட்டுக் கணக்கும் லயக் கணக்கும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகைமையை அளக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு கேள்விகள் கேட்கின்றன. எத்தனை கட்டுரை எழுதினார்? அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர்? இந்தக் கோலால் அளந்தாலும் உயர்ந்து நிற்பவர், களனிப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக விளங்கிய நிலந்தி டி சில்வா அம்மையார். குடற்புழுக்கள் உலகில் எத்தனை பேரைப் பற்றியுள்ளன என்று அவரும் பிறநாட்டு அறிஞரும் சேர்ந்து 2003இல் வெளியிட்ட மதிப்பீட்டை ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆய்வுகள் எடுத்தாண்டுள்ளன. வட்டப்புழு 120 கோடி மக்களிடம், கொக்கிப்புழு 74 கோடி மக்களிடம் என்று பல ஆண்டுகள் உலகம் ஒப்புவித்த எண்கள் அக்கட்டுரை தந்தவையே. இப்பெருமையை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

எனினும் நம் மனத்தைத் தைத்தது வேறொரு கட்டுரை. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி அம்மையாரும் உடனுழைத்தோரும் 2011இல் வெளியிட்டது அது. வந்த சஞ்சிகையின் பெயரிலேயே 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல் இருக்கிறது. நம் மலையகத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமோ?

அது கூறும் செய்தி என்ன? 1992இல் தோட்டங்களிற் பார்த்தபோது பிள்ளைகளிலும் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வயிற்றிற் புழு. 1994 முதல் ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்து கொடுத்தனர். 2005இல் நிறுத்தினர். நிறுத்தி நான்காண்டு கழிந்தபின் ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளில் 1890 பிள்ளைகளைச் சோதித்தபோது 29 வீதத்தினர் புழுவோடு இருந்தனர். இரண்டு மாவட்டங்களிற் கொக்கிப்புழு காணப்படவில்லை; குளிர்மண்ணில் அதன் குடம்பி தழைப்பதில்லை என்பது பழைய அறிவே. ஆனால் வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் ஐந்து மாவட்டங்களிலும் இருந்தன.

மருந்து பொய்த்ததா? இல்லை. மருந்து வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும். வாசலிலுள்ள முட்டையைக் கொல்லாது. வட்டப்புழுவின் முட்டை ஈரமண்ணில் ஆண்டுக்கணக்காய் உயிரோடு கிடக்கும். பல குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, அதுவும் நீரின்றிக் கிடக்குமாயின், இன்று மருந்துண்ட பிள்ளை நாளை அதே மண்ணில் விளையாடி அதே முட்டையை விழுங்குகிறது. இது புதிய பாடமுமன்று. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்க வந்தபோதே கண்ட பாடம். மருந்துக்குத் தலையசைத்த துரைமார் கழிப்பறைச் செலவென்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். மருந்துண்ட கூலியாள் அடுத்த நாள் வேலைக்கு வருவான். கழிப்பறை எவருடைய இலாபக் கணக்கில் வரும்?

2019இல் வெளியான மற்றோர் ஆய்விலும் அம்மையாரின் பெயர் உண்டு. நாட்டின் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1 வீதத்தினர்க்கே புழு என்றும், தோட்டப்புறத்தில் மட்டும் 9 வீதம் என்றும் அது காட்டிற்று. 90 இருந்த இடத்தில் 9 என்பது பேருதவிதான். மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆயினும் ஒரே நாட்டில், ஒரே வயதுப் பிள்ளைகளிடையே, ஒன்பது மடங்கு வேற்றுமை ஏன்? கொழுந்தின் விலையை லண்டனும் கொழும்பும் நாள்தோறும் அறியும். கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு இரத்தம் எவ்வளவு என்பதை அறியச் சஞ்சிகையைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் மேற்கோட் கணக்கின் குறை தெரிகிறது. ஓர் ஆய்வாளர் எழுதியதை மற்றோர் ஆய்வாளர் காட்டினால் எண் ஏறும். அட்டனில் ஒரு தோட்டத்தார் அதைப் படித்து நான்கு கழிப்பறை கட்டினால் எந்த எண்ணும் ஏறாது. குற்றம் எழுதியவருடையதன்று, எண்ணுபவருடையது. தம் ஆய்வின் முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக்கித் தோட்டப் பாடசாலைக்கும் தொழிற்சங்கத்திற்கும் அனுப்பும் ஆய்வாளருக்குப் பதவி உயர்விற் புள்ளி வழங்கப் பல்கலைக்கழகங்கள் முன்வரட்டும். மலையகத்திற் பிறந்து வைத்தியரான நம் இளைஞர் அந்த மொழிபெயர்ப்பைத் தாமே ஏற்கலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

சுகாதார அமைச்சும் தோட்டக் கம்பனிகளும் ஒன்று செய்யட்டும். மருந்து கொடுக்கும் நாளிலேயே, அந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், எத்தனை கழிப்பறை, எத்தனையில் தண்ணீர் வருகிறது என்பதை எழுதிப் பிள்ளைக் காம்பராவின் கதவில் ஒட்டட்டும்.