பிழைத்தால் போதுமா?

"பிழைத்துக்கொண்டார்!" மூளையிலே இரத்தக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் கிடந்தவரைப் பற்றி இச்செய்தி வந்ததும் உற்றார் உவகை கொள்கின்றனர்; ஊரார் ஆறுதல் அடைகின்றனர். மரணம் தோற்றது, மருத்துவம் வென்றது! மகிழத்தான் வேண்டும். ஆனால், அந்த மகிழ்ச்சியோடு கடமை முடிந்ததெனக் கருதுகிறோமே, அங்கேதான் அநீதி தொடங்குகிறது.

வீடு திரும்பியவர் நிலை என்ன? தறியை ஆண்ட கை தளர்ந்து கிடக்கிறது. மேடை அதிர முழங்கிய நாக்கு, 'தண்ணீர்' எனும் சொல்லைத் தேடித் தவிக்கிறது. தாய்மொழிக்காகச் சிறை புகுந்தவனிடமிருந்தே தாய்மொழியைப் பறிக்கவல்ல கொடிய நோய் இது! பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வும் பற்றுகிறது. அதனைப் பிடிவாதம் என்று ஏசுவோர் உண்டு. விதி என்று விலகுவோரும் உண்டு. விதியா? பல நேரங்களில், கவனிக்கப்படாத இரத்தக் கொதிப்பு!

மருத்துவ உலகில் 'ரேங்கின் அளவுகோல்' என ஒன்றுண்டு. 0 என்றால் குறையேதுமில்லை. 6 என்றால் மரணம். 2 என்றால், முன்பு செய்த வேலைகள் அனைத்தையும் செய்ய இயலாது, ஆயினும் தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்வார் என்று பொருள். 0 முதல் 2 வரை 'நல்ல விளைவு' என்றே பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. ஏட்டுக்கு நல்ல விளைவு! தானே உண்டு, தானே உடுத்தி, தறியில் மட்டும் அமர முடியாத நெசவாளியின் வீட்டு அடுப்புக்கு? அளவுகோல் மீது குற்றமில்லை. அது உடலை அளக்கிறது. உலையை அளக்க வேண்டியது அரசியல்.

போனது மீளுமா என்று கேட்போர், அமெரிக்க நடிகை பாட்ரீசியா நீல் வரலாற்றைப் பார்க்கட்டும். 'ஹட்' படத்துக்காக ஆஸ்கார் விருது பெற்றவர் அவர். 1965 பிப்ரவரியில், கருவுற்றிருந்த வேளையில், மூளையில் குருதிக்குழாய் வெடித்தது. ஏறத்தாழ மூன்று வாரம் நினைவில்லை. விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது, பேச்சும் போயிருந்தது. இங்கிலாந்தில், கிரேட் மிசெண்டன் எனும் சிற்றூரில் இருந்த தம் இல்லம் திரும்பினார். கணவர், எழுத்தாளர் ரோல்ட் தால், அக்கம்பக்கத்தாரின் துணையை நாடினார். அவர்கள் முறைவைத்து நாள்தோறும் வந்தனர், பேசவைத்தனர், படிக்கவைத்தனர். 1968 இல் வெளிவந்த படத்தில் மீண்டும் நடித்தார் நீல். மீண்டும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். வசனத்தை மனத்தில் இருத்துவது அப்போதும் அவருக்குப் பெரும்பாடாகவே இருந்தது. முழுமையாக மீளவில்லை, ஆனால் மேடைக்கு மீண்டார்! உதவவந்த வேலரி ஈட்டன் கிரிபித் அந்த அனுபவத்தை நூலாக்கினார். பேச்சிழந்தோருக்குத் தொண்டர்கள் உதவும் திட்டம் பிரிட்டனில் அதிலிருந்து வளர்ந்தது.

நடிகைக்குப் புகழ் இருந்தது, பொருள் இருந்தது. நம் நாட்டுக் குடிசைக்கு யார் வருவார்? படுக்கையருகே அமர்வதற்காகப் பள்ளியை விட்டு நிற்கும் மகள்தான் அங்கே செவிலி. அவளேதான் அங்கே இரண்டாவது நோயாளி!

அரசு வரவேண்டும் அங்கே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', கொதிப்புக்கான மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் வாசலுக்கே கொண்டுசெல்ல எழுந்தது. திசை அதுதான், பாதை நீள வேண்டும். பேச்சுப் பயிற்சி வேண்டும். மனத்துக்கும் மருந்து வேண்டும். பழைய தொழில் இழந்தோனுக்குப் புதிய தொழில் வேண்டும். காத்துநிற்கும் பெண்ணுக்கு உதவித்தொகை வேண்டும். சலுகையல்ல இவை, உரிமை!

தோழர்களே! படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. உங்கள் தெருவில் சொல்லிழந்த ஒருவர் இருப்பின், நாளும் அரைமணி நேரம் அவரிடம் செல்லுங்கள். இவ்விதழைப் படித்துக் காட்டுங்கள். அவர் ஒரு சொல் உரைக்கும்வரை பொறுமையுடன் காத்திருங்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

உயிரை மீட்டது மருத்துவம். வாழ்வை மீட்க வேண்டியது சமுதாயம்!