திரும்பியவர் யார்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் நிற்பவனுக்குச் சென்னையைவிடக் கொழும்பே அண்மை. அந்த அண்மையே தமிழ் உழவனுக்குக் கேடாயிற்று. ஆங்கிலேயன் இலங்கை மலைக்காட்டை அழித்துக் குளம்பி நட்டான். இலைநோயால் குளம்பி பட்டுப்போகத் தேயிலை நட்டான். இரண்டுக்கும் ஆள் தமிழ்நாட்டிலிருந்தே போயிற்று. தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் நோய்த்தடுப்புக் கொட்டடி அமைத்து, மாந்தரை அடைத்துவைத்துப் பார்த்தே அக்கரைக்கு அனுப்பினர்.

கங்காணி தந்த முன்பணம் தீராக் கடனாய் நின்றது. வேறு தோட்டம் செல்லக் கடன் தொகை குறித்த 'துண்டு' வேண்டும்; புதிய துரை அதைக் கட்டினால் ஆள் கைமாறுவான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதை நாம் அறிவோம். அங்கோ துண்டே விலையாயிற்று! 1921 வரை இது நடந்தது. தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908-இல் வேலை நிறுத்தி ஊதிய உயர்வு பெற்றபோது அவர்க்குத் துணைநின்றவர் வ.உ.சிதம்பரனார். கடல் கடந்தவனுக்கு வாய்த்தவன் கங்காணி.

உழைப்பைச் சுரண்டியோர் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 1911 மக்கட்கணக்கில் அவனை 'இந்தியத் தமிழன்' எனத் தனியே பிரித்தனர். பிரித்ததை வெட்டுவது எளிதன்றோ? இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலையால் அந்நாட்டை வாழவைத்தோர் நாடற்றோர் ஆயினர். 1964-இல் சாத்திரியும் சிரிமாவோவும் தில்லியில் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். விடுபட்ட 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிரிமாவோவும் பாதிபாதியாய்ப் பிரித்தனர். பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளைக் கேட்பதில்லை. இம்மக்களையும் எவரும் கேட்கவில்லை.

வந்தோர்க்கு இங்கே அரசு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. என்னே பெயர்! மலையகத்தில் பிறந்து, பாட்டனையும் பூட்டனையும் அம்மண்ணிலேயே புதைத்தவன் எங்குத் 'திரும்பினான்'? துரத்தியதைத் திரும்பியதாக எழுதுவது சொற்குற்றமன்று, பொய்ச்சான்று. 'இந்திய வமிசாவளி' என்னும் வடசொற் போர்வையோ, அவன் தமிழன் என்பதையே மறைக்கிறது.

தில்லியை மட்டும் பழிப்பானேன்? 1968-இல் தமிழ்நாட்டரசு நீலமலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கி அவர்களை அமர்த்தியது, அது நன்றே. ஆனால், அங்கே கொழுந்து கிள்ளியவளை இங்கே நம்மவரே 'சிலோன்காரி' என்றனர். அக்கரையில் இந்தியன், இக்கரையில் சிலோன்காரன்! 'மலையகத் தமிழர்' என்பது அம்மக்கள் தாமே தேர்ந்துகொண்ட பெயர். தமிழ்நாட்டு அரசுப் பதிவேடும் பள்ளிப் பாடநூலும் முதலில் அப்பெயரை எழுதட்டும்.