பட்டனை அமுக்கினா ஒண்ணுமே வரலையா? முதல்ல பர்ஸை மூடுங்க

பட்டனை அமுக்குறீங்க. ஃபேன் சுத்தலை. லைட் எரியலை. ஒரு பீப் சத்தம்கூட இல்லை. மாசக்கணக்கா காசு சேர்த்து, பார்ட் பார்ட்டா வாங்கி, வீடியோ பார்த்து நீங்களே அசெம்பிள் செஞ்ச கம்ப்யூட்டர். அந்த நிமிஷம் வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு புரளும் பாருங்க, அதை அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு அது போன செமஸ்டர் லீவுல, பேளுக்குறிச்சியில எங்க வீட்டு முன் ரூம்ல நடந்தது. கொல்லிமலை அடிவாரத்து ஊர். மளிகைச் சந்தைன்னா வெளியூர்க்காரங்களுக்கும் தெரியும். மிளகு, மல்லி, சீரகம்னு வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. ஆனா ஒரு மதர்போர்டு வேணும்னா ராசிபுரமோ, நாமக்கல்லோ, சேலமோதான் போகணும். அப்பா அந்தச் சந்தையில மல்லி வியாபாரம் பண்றவர். என் கம்ப்யூட்டர்ல இருக்குற பாதி பார்ட்டு அவர் எடை போட்டுச் சம்பாதிச்ச காசு. அதனால அது உயிரோட வரலைன்னதும் எனக்கு வந்தது வருத்தத்தைவிட பயம்தான்.

பயத்துல நான் செஞ்சது என்ன தெரியுமா? யோசிக்காம பர்ஸைத் திறந்தேன். "பவர் வரலைன்னா எஸ்.எம்.பி.எஸ் போயிருக்கும்" என்று ஒரு ஃப்ரெண்டு சொன்னான். 2,400 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினேன். ஒண்ணும் நடக்கலை. கேபினெட்டைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி ஒரு கடைக்குப் போனேன். அவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டு, "போர்டு போச்சுப்பா, 6,000 ஆகும்" என்றார். அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டலை. "கடைக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு, அடுத்த சந்தை முடியட்டும்" என்றார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

அன்னைக்கு ராத்திரி சித்தப்பா வந்திருந்தார். லாரி எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டர் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. கேபினெட்டைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரண்ட் எது வரைக்கும் வந்துச்சுன்னு பாத்தியா?"

நான் மூணாவது வருஷம் இன்ஜினியரிங். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

"லாரி ஸ்டார்ட் ஆவலைன்னா எடுத்ததும் இன்ஜினையா எறக்குவாங்க? பேட்டரில இருந்து வரிசையா பாத்துட்டு வரோணும் கண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தோணும். ரெண்டை மாத்துனா எது சரியாச்சுன்னு உனக்கே தெரியாது."

ஆரம்பிச்சோம். சுவர் பிளக்கில் டேபிள் ஃபேனை மாட்டினோம், ஓடுது. பவர் கேபிளுக்குப் பதிலா மானிட்டர் கேபிளைப் போட்டோம், மாற்றம் இல்லை. எஸ்.எம்.பி.எஸ் பின்னாடி இருக்குற சின்ன சுவிட்ச் ஆன்லதான் இருக்கு. அடுத்து, பிளக்கைப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ்-ஐ எல்லாத்துல இருந்தும் கழட்டி, அதோட 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கருப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சு, மறுபடி பிளக்கை மாட்டினோம். மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்-கிட்ட "ஆன் ஆகு" என்று சொல்றதே அந்தப் பச்சை வயரைத் தரையோட சேர்த்துத்தான். ஃபேன் சுத்துச்சு. மீட்டர் வெச்சோம்: 12 வோல்ட் லைன்ல 12.1, 5 வோல்ட் லைன்ல 5.0. இந்த ரெண்டு லைனுக்கும் 5 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம்னு ஏ.டி.எக்ஸ் விதி, அதாவது 11.4-ல இருந்து 12.6 வரைக்கும் ஓகே. பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் அதே மாதிரி பார்த்தோம். அதுவும் நல்லாத்தான் இருந்தது. என் 2,400 ரூபாய் போனது அப்பத்தான் உறைச்சது.

மறுபடி போர்டோட இணைச்சோம். ஊதா வயர்ல 5 வோல்ட் வருது. கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் பட்டனுக்காகக் காத்துக்கிட்டு இருக்குற ஸ்டாண்ட்பை கரண்ட் அது. ஆக, போர்டு வரைக்கும் கரண்ட் வந்தாச்சு. மிச்சம் ரெண்டே சந்தேகம்: பட்டன் அல்லது போர்டு. போர்டோட ஓரத்துல பவர் பட்டன் வயர் மாட்டுற ரெண்டு பின் இருக்கும். அந்த வயரைக் கழட்டிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால ரெண்டு பின்னையும் ஒரு செகண்ட் தொட்டேன்.

எல்லா ஃபேனும் சுத்துச்சு.

செகண்ட் ஹேண்ட் கேபினெட்டோட பட்டன் உள்ளே உடைஞ்சிருந்தது. அவ்வளவுதான். ரீசெட் பட்டன் வயரை எடுத்து பவர் பின்ல மாட்டினேன். செலவு பூஜ்யம். பட்டனை மட்டுமே அமுக்கிப் பார்த்த கடைக்காரருக்கு அந்தப் பட்டன் மேலயே சந்தேகம் வரலை. எனக்கும்தான் வரலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நமக்கு ஏன் அந்தக் கேள்வி தோணலை? நம்ம லேபை நினைச்சுப் பாருங்க. ஒர்க் ஆகுற கிட் தர்றாங்க. ரீடிங் வரலைன்னா அசிஸ்டென்ட் அண்ணா வந்து வேற கிட் மாத்தித் தந்துடுவார். அப்பவும் வரலையா, பக்கத்து பேட்ச் அப்சர்வேஷனைப் பார்த்து எழுதிடுவோம். ரெக்கார்டுல கிராஃப் அழகா இருக்கும். "ஏன் வரலை?" என்பதுக்கு மார்க் கிடையாது, அதனால அதை யாரும் கேட்கிறதும் இல்லை. நாலு வருஷமும் சரியா ஓடுற சர்க்யூட்டை மட்டுமே பார்த்துட்டு, ஓடாத உலகத்துக்கு வெளியே போறோம்.

என் கோரிக்கை சின்னதுதான். ஒவ்வொரு லேப்லயும் செமஸ்டருக்கு ஒரு கிளாஸ், வேணும்னே பழுது வெச்ச சர்க்யூட் கொடுங்க. பழுதைக் கண்டுபிடிச்சாத்தான் மார்க்குன்னு வேண்டாம். எதைச் சந்தேகப்பட்டோம், எப்படிச் சோதிச்சோம், அதனால எதை லிஸ்ட்ல இருந்து அடிச்சோம்னு ஒரு பக்கம் எழுதினா மார்க். அந்த ஒரு பக்கத்தைக் காப்பி அடிக்கிறதும் கஷ்டம்.

"இதெல்லாம் டைம் வேஸ்ட், கடையில கொடுத்தா முடிஞ்சது" என்று சிலர் சொல்வீங்க. சில விஷயத்துல நானும் ஒத்துக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்-ஐ மட்டும் யாரும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்குற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தங்கியிருக்கலாம். போர்டுல ஐ.சி மாத்துறது கை தேர்ந்தவங்க வேலை, அவங்களுக்குக் காசு கொடுக்கிறதுல தப்பே இல்லை. ஆனா என்ன பழுதுன்னு தெரிஞ்சுட்டுக் கடைக்குப் போறதுக்கும், கையைக் கட்டிட்டுப் போய் நிக்கிறதுக்கும் நடுவுல என் வீட்டுக் கணக்குல 6,000 ரூபாய் இருந்தது. மத்திய அரசு 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னே ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சது. நல்ல விஷயம். ஆனா ஒரு ஸ்க்ரூவைக் கழட்டவே கை நடுங்குற நமக்கு அந்த உரிமை எதுக்குப் பயன்படும்?

அடுத்த தடவை உங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா, ஒரு பேப்பர் எடுங்க. சுவரில் இருந்து ஆரம்பிங்க. கேபிள், பின் சுவிட்ச், 24 பின், பிராசசருக்குத் தனியா வர்ற 8 பின், பட்டன்னு வரிசையா எழுதி ஒவ்வொண்ணா அடிங்க. அப்பவும் வரலைன்னா போர்டைக் கேபினெட்ல இருந்து வெளியே எடுத்து, அதோட அட்டைப்பெட்டி மேல வெச்சு, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டுப் பாருங்க. வெளியே ஓடி உள்ளே ஓடலைன்னா, அடியில தப்பான இடத்துல இருக்குற ஒரு ஸ்டாண்ட்ஆஃப் போர்டை ஷார்ட் பண்ணிட்டு இருக்கலாம். இதுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூட ஆகாது.

என் கம்ப்யூட்டர் இன்னைக்கும் ரீசெட் பட்டன்லதான் ஆன் ஆகுது. மாத்த மனசு வரலை. அந்த 2,400 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ் ஹாஸ்டல் அலமாரியில சும்மாத்தான் கிடக்கு. தேவைப்பட்டா வந்து வாங்கிக்கோங்க. ஆனா வர்றதுக்கு முன்னாடி உங்க பட்டனைச் செக் பண்ணிட்டு வாங்க.