செங்கன்னூர் அம்மனுக்கு ஆகும், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாதா?

அண்ணன் பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். சென்னையிலிருந்து வேன் வைத்துப் போனோம். கிடா வெட்டு, பொங்கல், சொந்தபந்தம், மைக் செட் என்று எதற்கும் குறைவில்லை. குழந்தையின் சித்தி, என் அண்ணனின் இளைய மகள், மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. வரும் வழியிலேயே அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. செவிலியராக வேலை பார்க்கும் பெண். சித்திரை வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டை இலையில் மடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.

நான் சத்தம் போட்டதும் சித்தப்பா குறுக்கே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். "இது தீட்டு இல்லம்மா, சயின்ஸ். கோயில்ல சக்தி மேல்நோக்கி ஓடுது. அந்த நேரத்துல பொம்பளை உடம்புல கீழ்நோக்கி ஓடும். ரெண்டும் மோதினா கெடுதல் அவளுக்குத்தான். அவ நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் பொறியாளர்கள்.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது இந்த 'சயின்ஸ்'தான். என் பாட்டி தீட்டு என்றுதான் சொன்னாள். அதை எதிர்த்துப் பேசவாவது முடிந்தது. இன்று படித்தவர்கள் அதே தீட்டை எடுத்து, அதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, நம் பெண்களிடமே ஆரோக்கியக் குறிப்பாக நீட்டுகிறார்கள். கரு தங்காத மாதத்தில் கருப்பையின் உட்சுவர் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. பெரும்பாலும் 80 மில்லிக்கு மேல் போகாது. அவ்வளவுதான் சயின்ஸ். மேல்நோக்கி ஓடும் கோயில் சக்தியை எந்த மருத்துவப் புத்தகத்தில் பார்த்தார்கள்?

கெடுதல் பெண்ணுக்குத்தான் என்றால், பெண் வந்துபோன பிறகு கோயிலை ஏன் கழுவுகிறீர்கள்? 2018 செப்டம்பர் 28ஆம் தேதி, சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 2019 ஜனவரி 2ஆம் தேதி விடிவதற்குள் இரண்டு பெண்கள் போலீஸ் பாதுகாப்போடு சந்நிதிக்குப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். செய்தி தெரிந்ததும், கோயில் சடங்குகளுக்குத் தலைமை வகிக்கும் தந்திரி நடையைச் சாத்திச் சுத்திகலசம் என்ற தீட்டுக் கழிப்புச் சடங்கைச் செய்தார். அந்தப் பெண்களின் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் பதறவில்லை. அவர்கள் பதறியது கோயிலுக்காக. அப்புறம் என்ன "அவ நல்லதுக்கு"?

ஐயப்பன் நைஷ்டிகப் பிரம்மச்சாரி, மாதவிடாய்க்கும் சபரிமலைத் தடைக்கும் சம்பந்தமில்லை என்றும் கிளம்புகிறார்கள். சம்பந்தமில்லை என்றால் பத்து வயது முதல் ஐம்பது வயது வரை பெண்கள் வரக்கூடாது என்ற கணக்கு எதை வைத்துப் போட்டது?

சித்தப்பா வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுகிறவர். அப்போது அவர் மனைவிக்கு, என் சித்திக்கு, அந்த நாட்கள் வந்தால், சொந்த வீட்டை விட்டுப் பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும். இருமுடி கட்டிச் சென்னையில் ரயிலேறும் சித்தப்பா எங்கே இறங்குகிறார்? செங்கன்னூரில். அந்த ஊர் மகாதேவர் கோயிலில் என்ன நடக்கிறது என்று அவர் ஒருமுறையாவது விசாரித்திருக்க வேண்டும்.

அங்கே இருக்கும் பகவதி அம்மனுக்கு மாதவிடாய் வருகிறது என்பது நம்பிக்கை. அம்மனுக்குச் சாத்திய வெள்ளைத் துணியில் கறை தெரிந்தால், தாழமண் மடத்தின் மூத்த பெண்மணி அதைப் பார்த்து உறுதி செய்கிறார். திருவுருவத்தை வேறு அறைக்கு மாற்றுகிறார்கள். மூன்று நாள் நடை அடைப்பு. நான்காம் நாள் மித்ரப்புழைக் கடவில் அம்மனை நீராட்டும் ஆறாட்டு, யானை மேல் ஊர்வலம். திருப்பூத்து என்று பெயர் வைத்துத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கறை பட்ட அந்தத் துணி பக்தர்கள் தவம் கிடந்து வாங்கும் பிரசாதம். அந்தத் தாழமண் மடம் எது? சபரிமலைக்குத் தந்திரி ஸ்தானம் வகிக்கும் அதே குடும்பம். நடையைச் சாத்திச் சுத்தி செய்த தந்திரியும் அந்தக் குடும்பத்தவர்தான். செங்கன்னூரில் ரத்தத்தை உறுதி செய்து ஊர்வலம் விடும் வீடு, மலையேறியதும் ரத்தத்துக்காக நடையைச் சாத்துகிறது.

அதைவிடக் கொடுமை, கேரளக் கோயில் வழக்கப்படி, செங்கன்னூரிலும் மாதவிடாய் வந்த பெண் உள்ளே போகக்கூடாது! அம்மனின் துணி பூஜையறையில். அவளை வணங்கும் பெண்ணின் துணி, யார் கண்ணிலும் படாமல் வேறு துணிக்கு அடியில், வெயில் படாமல் ஈரத்தோடு கிடந்து, நோய்த்தொற்றைக் கொண்டுவருகிறது. அசாமில் காமாக்யா கோயில், அம்மனின் மாதவிடாயைக் கொண்டாடும் ஆனி மாத அம்புபாசி, சிவப்புத் துணிப் பிரசாதம் என்று அடுத்த கதையையும் சொல்லலாம். எனக்குச் செங்கன்னூரே போதும்.

எங்கள் குலதெய்வமும் அம்மன்தான். அன்றைக்கு அவள் முன்னால் மூன்று கிடாய் வெட்டினார்கள். தரையெல்லாம் ரத்தம். அதில் கால் வைத்துத்தான் எல்லோரும் திருநீறு வாங்கினோம். ஆட்டு ரத்தம் குடிக்கும் தாய்க்கு மகள் ரத்தம் மட்டும் ஆகாமல் போய்விட்டதா?

மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாங்களே பூசை செய்கிறார்கள். மாதவிடாய் நாட்களிலும் தடை கிடையாது. பல பத்தாண்டுகளாக, லட்சக்கணக்கில் செவ்வாடை கட்டி வருகிறார்கள். கீழ்நோக்கி ஓடுவதும் மேல்நோக்கி ஓடுவதும் மோதி அங்கே எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சித்தப்பா சொல்லட்டும்.

உண்மையில் பெண் உடம்பைக் கெடுப்பது எது என்று நான் சொல்கிறேன். ஆடி பிறந்தால், மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் ரகசியக் குரலில் கேட்டு வாங்கும் மாத்திரை. நோர்எத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன். மருத்துவரைப் பார்க்காமலே வாங்குகிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு முறை, கும்பாபிஷேகத்துக்கு ஒரு முறை, காப்புக் கட்டுக்கு ஒரு முறை. தலைவலி, வயிற்று உப்புசம், மாதக்கணக்கில் குளறுபடி. ரத்தம் உறையும் கோளாறு உள்ள பெண்ணுக்கு அது ஆபத்து. பெற்ற தாயே மகள் கையில் அதைத் திணிக்கிறாள். இதைப் பற்றி ஒரு சயின்ஸ்காரரும் வாய் திறப்பதில்லை.

இந்தத் தீட்டு கோயில் வாசலோடும் நிற்பதில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டில், பூப்பெய்திய சிறுமியை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். அவளைக் கொன்றது புயல் மட்டுமா? மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் 'முட்டு வீடு' கட்டி மாதவிடாய் நாட்களில் பெண்களை அங்கே அனுப்பும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் இருந்தது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, பூப்பெய்திய எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தது. பள்ளிக்கூடத்தில் எந்தச் சக்தி மேல்நோக்கி ஓடியது?

இதெல்லாம் புதிய வாதமும் இல்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரையில் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோதும் தீட்டு என்றுதான் கூச்சலிட்டார்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு மாதவிடாய்த் தீட்டுக்கும் பொருந்தும் என்று நீதிபதி சந்திரசூட் சபரிமலைத் தீர்ப்பில் எழுதினார். அதைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. சாதித் தீட்டு தப்பாம், இது மட்டும் சுகாதாரமாம். அந்தத் தீட்டையும் நேற்றுவரை சுகாதாரம் என்றுதானே சொன்னார்கள்? இன்றும் சில ஊர்க் கோயில்களில் போலீஸ் துணையோடுதான் பட்டியல் சாதி மக்கள் உள்ளே போக வேண்டியிருக்கிறது. வெட்கமாக இல்லையா?

நீதிமன்றத் தீர்ப்புகளால் மட்டும் இது தீராது. 2019 நவம்பரில் சபரிமலை வழக்கின் கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் நம் வீடுகளுக்கு இல்லை. அம்மாக்களே, மகளுக்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவள் தட்டைத் தனியே வைக்காதீர்கள். கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால், எந்த நாளாக இருந்தாலும் நீங்களே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது வழிமறித்து சயின்ஸ் பேசினால், செங்கன்னூருக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள்.